ஏற்கனவே விட்ட விரிசல்

பழைய கியர் ஆயிலுக்கு அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். அழுகிய முட்டை தேவலை. தூக்கி வெளியே எறிந்துவிடலாம். இது தலைமுடிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளித்துவிட்டு வந்து படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வரும். கல்யாணமான புதிதில் இந்த வாடைக்கு நான் காலை நேரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதற்கும் என்மேல்தான் கோபம்.

எங்கள் ஷெட் வீட்டோடு ஒட்டியது. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சிமெண்ட் தரை, ஸ்டாண்டுகளின்மேல் தூக்கி நிறுத்திய ஏதாவது ஒரு கார், அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் என் கணவரின் கால்கள். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், விளக்குப் பிடிப்பேன், வண்டி விட வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு வைப்பேன். "நீங்க இருக்கீங்கன்னுதான்மா நம்பி விட்டுட்டுப் போறோம்" என்று சிலர் சொல்வதுண்டு. மாஸ்டருக்கு அதில் வருத்தம் கிடையாது. தொழிலுக்கு நல்லதுதானே என்பார்.

அன்று ஸ்டாண்டில் நின்றது ஓரம் சாருடைய கார். பெயர் மாஸ்டர் வைத்தது. அந்த மனிதர் சாலையின் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்ததை யாரும் பார்த்ததில்லை. சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்து அவரை முந்திக்கொண்டு போவார்கள். ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகளோடு இருக்கிறார். தினமும் சாப்பிட்டுவிட்டு அந்தக் கிழட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு அந்தப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சிநேகிதருக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டு வருவார். வண்டியை விட வந்தபோது கிளட்ச் வழுக்குவதைச் சொல்லிவிட்டு, கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

"என் பொண்ணு வண்டிய வித்துடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கறாம்மா. எங்கயாவது ஒரு தடவை உரசிட்டேன்னா போதும், சாவிய பிடுங்கிடுவா."

"உரசியிருக்கீங்களா சார்?"

"அந்தப் பயத்துலதானே ஓரமா போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.

கிளட்சை மாற்றக் கியர் பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும். அதன் முன்பக்கம் ஒரு மணியைப் போல விரிந்து எஞ்சினோடு சேரும். அந்த விளிம்பைச் சுற்றிக் காது காதாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு காதிலும் ஒரு போல்ட். எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் பெட்டி பின்னால் நகர்ந்து வரும். வர வேண்டும். அன்று வரவில்லை. மாஸ்டர் அடியில் படுத்துக்கொண்டு ஆட்டினார், குலுக்கினார், திட்டினார். அது அசையவில்லை.

"கடவாப் பல்லு மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கு சனியன்."

"மேல ஒரு போல்ட் இருக்குமேங்க. ஸ்டார்ட்டருக்குப் பின்னால."

"கழட்டியாச்சு."

"நான் பாக்கலையே…"

"நீ பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் கழட்டினதா கணக்கா? விளக்க ஒழுங்கா பிடி. என் மூஞ்சில அடிக்காத."

அவர் கழற்றியது ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட். அதைத்தான் நான் சொன்ன போல்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை அவரிடம் முதல் தடவை சொன்னால் அது பேச்சு. இரண்டாம் தடவை சொன்னால் வாய். அதற்கு மேல் போனால் என் அம்மா என்னை வளர்த்த லட்சணம் வரை போகும். எனவே விளக்கை ஒழுங்காகப் பிடித்தேன்.

அவர் ஒரு நீளமான லீவரைக் கீழ்ப்பக்கக் காதுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் செருகி, சுத்தியலால் அடித்து இறக்கி, முழு பலத்தையும் கொடுத்து நெம்பினார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. யாரோ கற்கண்டைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவர் ஊர்ந்து வெளியே வந்து, எஞ்சினுக்கு மேலே கவிழ்ந்து, ஸ்டார்ட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். எத்தனையோ வருட எண்ணெயும் தூசியும் சேர்ந்து அங்கே ஒரு கட்டியாக இறுகிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே போல்ட்டின் தலை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை நான்தான் அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்ததுபோல. அதைக் கழற்றியதும் கியர் பாக்ஸ் சமர்த்தாக ஜாக்கியின்மேல் இறங்கி வந்து உட்கார்ந்தது.

கீழ்ப்பக்கக் காதில் விரிசல் விட்டிருந்தது. சுற்றிலும் கன்னங்கறேலென்ற அலுமினியம், நடுவில் அந்தக் கோடு மட்டும் இப்போதுதான் கழுவி வைத்த பாத்திரம்போலப் பளபளத்தது.

எங்கள் ஷெட்டில் எந்த ஸ்பானரையும்விட அதிகமாகப் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது. ஏற்கனவே. 'இந்தக் கிளிப்பு ஏற்கனவே உடைஞ்சுதான் சார் இருந்துச்சு.' 'பெயிண்டு ஏற்கனவே உரிஞ்சிருந்துச்சு மேடம், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.' குரலில் ஒரு அனுதாபம்கூட இருக்கும். கேட்கிறவர்கள் தங்கள் கவனக்குறைவுக்கு வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைவலி என்றால்கூட, கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கும் என்பார்.

"பளபளன்னு இருக்கு" என்றார் மாஸ்டர், விரிசலைத் தடவிக்கொண்டே. "பழசாக்கணும்."

ஒரு டப்பா மூடியில் பழைய கியர் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினார். தரையைச் சுரண்டித் தூசியை அள்ளிப் போட்டார். குழப்பினார். பிறகு தொண்டையைச் செருமி அதற்குள் துப்பினார்.

"எச்சில் விட்டாத்தான் ஒட்டும்" என்றார், சமையல் பக்குவம் சொல்கிறவரைப் போல. "உன் விரல்தான் மெல்லிசு. உள்ள வரைக்கும் போகும். தேய்."

நான் தேய்த்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இத்தனை வருடமாகக் கை நீட்டியதும் ஸ்பானர் கொடுத்த பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் குளிர்ந்திருந்தது, தூசியும் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கலவையில் ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது எங்கிருந்து வந்த சூடு என்று என் விரலுக்குத் தெரிந்தது. விழுங்கிக்கொண்டு தேய்த்தேன். கோடு மங்கியது, கறுத்தது, பல காலமாக அங்கேயே இருந்ததுபோல ஆயிற்று.

"பலே" என்றார் மாஸ்டர். "நகத்தால இந்த ஓரத்தையும் பாத்துக்கோ. சாரு கேட்டா நீ சொல்லு. வண்டிய வாங்கி வெச்சவ நீதானே. நீ சொன்னா நம்புவாரு."

"என்னன்னு சொல்லணும்?"

"என்னன்னு கேக்கறா பாரு! ஏற்கனவேன்னு."

மாஸ்டர் ஓரம் சாருக்குப் போன் செய்து வரச் சொன்னார். நான் பின்கதவு வழியாகப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அந்தக் கையால் தண்ணீர் எடுத்துக் குடிக்கப் பிடிக்காமல் தாகத்தோடு திரும்பி வந்தேன்.

ஓரம் சார் மகளோடு வந்தார். மகள் அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் பெரிய கைப்பை, பளபளக்கும் ஷூ, மூக்கில் கைக்குட்டை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. அப்பா உட்கார்ந்தார்.

"சார் மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். "வண்டி அடில நல்லா வாங்கியிருக்கு. கல்லா இருக்கும். பெரிய கல்லு. இங்க பாருங்க, காது விட்டிருக்கு. அழுக்கு எப்படி உள்ள இறங்கியிருக்கு பாருங்க. ஏற்கனவே விட்ட விரிசல் சார் இது. நல்லவேளை, நாங்க இறக்கினதால தெரிஞ்சுது. இல்லைன்னா நடு ரோட்டுல என்ன ஆகியிருக்கும்?"

என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தலையும் ஆட்டவில்லை. ஆனால் நான் அங்கே நின்றுகொண்டிருந்ததே ஒரு தலையாட்டல்தான்.

"அப்பா, எங்க இடிச்சீங்க?" என்றாள் மகள்.

"நான் எங்கயும் இடிக்கலையேம்மா."

"இடிக்காம எப்படிப்பா உடையும்? தானா உடைஞ்சுக்குமா?"

"இல்ல… இடிச்சா எனக்குத் தெரியாதா?"

"அதைத்தான் கேக்கறேன். அன்னிக்கு அடுப்ப அணைக்காம வெளிய போனீங்க. அதுவும் இல்லவே இல்லைன்னுதான் சாதிச்சீங்க. கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

அவர் யோசித்தார். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவரின் முகம் அது. இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேடுகிற பொருள் கிடைக்கும்வரை யாரும் அவரை விடப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பாலத்துக்குக் கீழ…" என்றார் மெதுவாக. "மழை பெஞ்சுதே, அன்னிக்கு. ரோடே தெரியாம தண்ணி நின்னுச்சு. ஏதோ தட்டின மாதிரி…"

"தட்டின மாதிரியா? தட்டிச்சா?"

"தட்டிச்சு." இந்தத் தடவை உறுதியாகச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. "கறுப்புக் கல்லு. ஆமா, தட்டிச்சு."

"அதான சார்!" என்றார் மாஸ்டர். தன் தொடையில் தட்டிக்கொண்டார். ஒரு குழந்தை சரியான விடை சொன்னதுபோல அவருக்குச் சந்தோஷம். "வயசானா மறக்கறது சகஜம்தானே மேடம். திட்டாதீங்க."

"நான் திட்டலை. சாவி எங்க?"

ஆணியில் மாட்டியிருந்த சாவியை மாஸ்டரே எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "ரெடியானதும் சொல்லுங்க. யாராவது வாங்கறவங்க இருந்தாலும் சொல்லுங்க."

"அவன் காத்துக்கிட்டு இருப்பானேம்மா" என்றார் ஓரம் சார். "பேப்பர்…"

"போன்ல படிச்சுக் காட்டுங்கப்பா."

அவர் சரி என்று தலையாட்டினார். எவ்வளவு சுலபமாக ஆட்டினார் என்பதுதான் எனக்குக் குமட்டியது. மாஸ்டரின் புளுகுக்கு எனக்குப் பழக்கம் உண்டு. அதன் நாற்றமும் கியர் ஆயில் நாற்றம்போல, அருவருப்பாக இருந்தாலும் மூக்குக்குப் பழகியது. இது வேறு. இல்லாத ஒரு கல்லை அந்த மனிதர் தன் தலைக்குள் தானே தூக்கிக்கொண்டு போய், தண்ணீருக்கடியில் வைத்து, அதற்குக் கறுப்பு நிறமும் அடித்துவிட்டார். இனி யார் சொன்னாலும் அது அங்கேயே கிடக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தலைக்குள்ளும் அப்படி ஒன்று கிடக்கிறது. என் இடது பாதம் முழுக்கத் தழும்பு. சூடான ஆயில் வடிந்த தட்டைப் பார்க்காமல் மாஸ்டர் காலால் தள்ளியதில் ஏற்பட்டது. நான் குறுக்கே வந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னார். தன் அம்மாவிடமும் அதையே சொன்னார். என் அம்மாவிடம் நானே சொன்னேன். இப்போது கண்ணை மூடினால் நான் குறுக்கே வருவது எனக்கே தெரிகிறது. கையில் டீ டம்ளரோடு, அவசரமாக, கீழே பார்க்காமல். அன்று என் கையில் டம்ளர் இல்லை, விளக்குதான் இருந்தது. நான் நடக்கவும் இல்லை, தரையில் குந்தி உட்கார்ந்திருந்தேன். இது தெரிந்தும் அந்தப் பெண் டம்ளரோடு குறுக்கே வந்துகொண்டேதான் இருக்கிறாள்.

ஒரு பழந்துணியை எடுத்துப் பெட்ரோலில் நனைத்தேன்.

"என்ன பண்ற?" என்றார் மாஸ்டர்.

"துடைக்கறேன்."

"இப்ப எதுக்கு? அவங்க கிளம்பட்டும்."

கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு விரிசலைத் துடைத்தேன். நான் தேய்த்த இடமெல்லாம் எனக்குத் தெரியுமே, சீக்கிரம் வந்துவிட்டது. கோடு மறுபடியும் பளபளத்தது.

"சார், இது இன்னிக்குக் காலைல விட்டது. மேல ஒரு போல்ட் கழட்டாம இருந்துச்சு. அது தெரியாம லீவர் போட்டு நெம்பினாங்க. அழுக்கு நான் தேச்சது. பழைய விரிசலா இருந்தா துடைச்சாலும் இப்படிப் பளிச்சுன்னு வராது."

மாஸ்டர் சிரித்தார். "இவளுக்கு வெயிலு. காலைலேர்ந்து தலைவலின்னா. நீ உள்ள போ." நான் போகவில்லை என்றதும் அந்தச் சிரிப்பைக் கலைக்காமலே வேறு பக்கம் திருப்பினார். "சரி, காலைல லேசா விட்டிருக்கலாம். இல்லைன்னு சொல்லலை. ஆனா உள்ளுக்குள்ள ஏற்கனவே…"

மகள் விரிசலைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். விவரமானவள். "அப்ப இதை நீங்கதான் மாத்திக் குடுக்கணும்" என்றாள் மாஸ்டரிடம். "வேற பேச்சே இல்லை." அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள். "போலாமாப்பா?"

"மேடம், சாவி…" என்றேன்.

"அது வேற விஷயம். பாலத்துல இடிச்சது இடிச்சதுதானே? அவரே சொன்னாரே."

"அவரு இடிக்கலை மேடம். நாம கேட்டோம், அதனால சொன்னாரு."

ஓரம் சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பரிவான புன்னகை. அதைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. "நீங்க எனக்காகச் சொல்றீங்க. வேண்டாம்மா. நான் இடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ரோடே தெரியாம தண்ணி நின்னுச்சுன்னீங்க. கல்லு கறுப்புன்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர் கியர் பாக்ஸின் பக்கம் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"வாங்க. அடில வந்து நீங்களே பாருங்க" என்றேன். தரையில் ஓர் அட்டையை விரித்தேன்.

"அப்பா, என்ன இது? சட்டை என்ன ஆகும்? அந்த அசிங்கத்துல போய்…" என்றாள் மகள். அவர் எழுந்துவிட்டார். காரைப் பிடித்துக்கொண்டு முதலில் முட்டியை மடக்கினார், பிறகு உட்கார்ந்தார், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார், கடைசியில் மல்லாந்தார். தலையை உள்ளே இழுத்துக்கொள்ள நான் உதவினேன். விளக்கோடு அவர் பக்கத்தில் நானும் போய்ப் படுத்தேன்.

அங்கே நாற்றம் இன்னும் அதிகம். கியர் பாக்ஸ் இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறுபோலத் திறந்திருந்தது. அங்கிருந்து ஒரு சொட்டு ஆயில் அவர் கன்னத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"இது எஞ்சின் ஆயில் இருக்கற தொட்டி. இது புகைக் குழாய். கியர் பாக்ஸைவிட ரெண்டும் கீழ தொங்குது. கல்லு தட்டியிருந்தா முதல்ல இதுங்களைத்தான் தட்டியிருக்கும். தொட்டுப் பாருங்க."

தொட்டார். தொட்டியின் அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த சேறு ஒரே சீராகப் படிந்திருந்தது. நசுங்கல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. விரல்களால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார். குழாயைத் தடவினார். மறுபடியும் தொட்டிக்கு வந்தார். சேறு பொடிப்பொடியாக அவர் நெற்றியில் உதிர்ந்தது.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்ல சார்."

"நான் பாத்தேனே. கறுப்பா…"

"ஆமா சார். எனக்கும் அப்படித்தான் ஒண்ணு தெரியும். நடக்காதது."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "வெளிய வாங்க சார், வாங்க, மேல பட்டுடப் போவுது" என்று, வாடிக்கையாளர்களிடம் பேசும் குரலில் மாஸ்டர் கூப்பிடுவது கேட்டது. கீழேயிருந்து பார்த்தால் அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. கட்டை விரல் எழும்பி எழும்பித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மகளின் ஷூ.

ஓரம் சார் வெளியே வரவில்லை. கையை மட்டும் காருக்கு வெளியே, அந்த ஷூவின் பக்கமாக நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரலெல்லாம் கரி, மணிக்கட்டு வரை ஆயில்.

"சாவிய குடும்மா."

ஷூ ஓர் அடி பின்னால் போயிற்று. ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் குனிந்தாள். அவள் விரல்நுனி மட்டும் தெரிந்தது, அவர் கையில் பட்டுவிடாமல், இரண்டு விரலால் பிடித்து எதையோ அந்த உள்ளங்கையில் வைத்தது. ஈரமான, வாசனை போட்ட ஒரு காகிதத் துண்டு.

"முதல்ல கையத் துடைங்கப்பா."

அவர் விரல்களை லேசாகச் சரித்தார். காகிதம் நழுவித் தரையில் விழுந்து, எண்ணெயை உறிஞ்சிக் கறுக்க ஆரம்பித்தது. கை அப்படியே நீண்டிருந்தது.